இரண்டாம் பாகம் குன்றத்தூரில் இருக்கிறது

மேடவாக்கம்
10.3.2025

குன்றத்தூர் மலையடிவாரத்தில் அரசு வீற்றிருக்கும் அஞ்சலி மகாராணியாருக்கு,

உன் தாய்மாமனும், ஏழு கடல்களுக்கு இப்பால் இருக்கும் வாசகர்களில் முதல்வனும், மேடவாக்கம் மெயின் ரோட்டைப் பட்டப்பகலில் நடந்து கடந்து உயிரோடிருக்கும் ஒரே மனிதனுமாகிய தாமோதரன் எழுதிக்கொண்டது. நலம். சரளாவும் நலம். அவள் சாம்பாரில் புளி மட்டும் அரசாங்கம் கவனிக்கவேண்டிய அளவுக்குப் போய்விட்டது.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். சரளாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். "சொல்லுங்க அத்தை" என்று தேனாக வந்த குரல், என் "ஹலோ"வைக் கேட்டதும் பட்டென்று அறுந்தது. ஆகவே தபாலாபீசுக்குப் போய் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் என்னைத் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சித்திரை ஒன்றாம் தேதி நீயும் நானும் செய்த சபதம் நினைவிருக்கும். ஒரு வருடத்துக்குப் பழைய பேரிலக்கியம் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை என்றோம். இடமும் நேரமும் தண்ணீர் லாரி தீர்மானித்துக் கொடுத்தது. லாரி வந்தால் கடைசிச் சொட்டு வரை நம் நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் இறங்குகிறதா என்று பார்க்க, குடியிருப்போரில் இருவர் முறைவைத்து நிற்கவேண்டும் என்பது நம் அடுக்ககச் சங்கத்தின் சட்டம். சனிக்கிழமை மாலை லாரிக்கு நிற்க ஒருவனும் முன்வராதபோது, நாம் இருவரும் தேசத்துக்காக அதை நிரந்தரமாக ஏற்றோம். நீ படிப்பாய், நான் கேட்டபடி தண்ணீரைப் பார்ப்பேன். லாரி காலியாக அரைமணி ஆகும். அந்த அரைமணிகளில் நாம் கடந்த சாம்ராஜ்யங்களை எந்தப் பேரரசனும் கடந்ததில்லை.

வருடம் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. கடைசிப் புத்தகம் அந்த ரஷ்ய நாவல். மேற்குத் தாம்பரம் நடைபாதையில் நான் கண்டெடுத்த இரண்டு பாகங்கள், ஒவ்வொன்றும் அஸ்திவாரத்துக்கு ஆகும் கனம். முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகத்தில் கொஞ்சம் போயிருந்தோம். நீ வீடு மாற்றிக்கொண்டு குன்றத்தூர் போனபோது அது உன் சாமான்களோடு தவறிப்போய்விட்டது என்று நினைத்தேன். தெரிந்துதான் எடுத்துப்போனாள் என்கிறாள் சரளா.

ஒரு லாரித் தண்ணீர் பக்கத்து அடுக்ககத்து சம்ப்புக்குள் போய்விட்டதற்காக இவ்வளவு கோபமா? உலகத்தில் நதிகளே திசை மாறியிருக்கின்றன. பொதுக்குழுவில் அதை நான் கொஞ்சம் சுவையாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அத்துடன் அது முடிந்தது.

இன்னொரு பிரதி ஆன்லைனில் வாங்கி அனுப்பட்டுமா என்று மெல்போர்னிலிருந்து பரணி கேட்டான். பெற்ற மகனானாலும் மன்னிக்க முடியாத கேள்வி. வேண்டாம் என்றேன். புத்தகத்தை அனுப்பு, அல்லது புத்தகத்தோடு வா.

அடியேன்,
தாமோதரன்


குன்றத்தூர்
15.3.2025

மாமா,

கடிதம் கிடைத்தது. எங்கள் தபால்காரர் அதைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று, யாராவது இறந்துவிட்டார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நானும் காகிதத்திலேயே எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் என்றால் பத்து நிமிடத்தில் நீங்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். நான் சில நாள் கோபமாக இருக்க விரும்புகிறேன்.

இரண்டாம் பாகம் தவறி வரவில்லை. நான்தான் எடுத்து வந்தேன்.

"கொஞ்சம் சுவையாக" நீங்கள் பொதுக்குழுவில் சொன்னது இதுதான். கதையைப் படித்துக்கொண்டிருந்த அஞ்சலி தேம்பித் தேம்பி அழுதாள், கண்ணீரில் அவளுக்குப் பக்கம் தெரியவில்லை, எனக்கு அவளைத் தேற்றுவதே பெரும்பாடாகிவிட்டது, அந்த இடைவெளியில் டிரைவர் ஹோஸை மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டான், அன்றைக்கு நம் சம்ப் நிரம்பியதே அவள் கண்ணீரால்தான். மொத்தப் பார்க்கிங்கும் சிரித்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு லிஃப்டில் ஏறினால், "என்னம்மா, இன்னைக்குத் தண்ணி வருமா?" யாரோ என் போட்டோவை வைத்து ஒரு ஸ்டிக்கர் செய்து அடுக்ககக் குரூப்பில் போட்டார்கள், கண்ணிலிருந்து குழாய் வருகிற மாதிரி. லாரி தாமதமானால் இப்போதும் அதைத்தான் போடுகிறார்கள். செயலாளர் ஷ்யாம்சுந்தர் சார் அதற்கு ஹார்ட் வைத்தார். இவையெல்லாம் நான் வீடு மாறுவதற்கு முந்தின வாரம். நான் வேலை செய்யும் இடத்தில் என் கீழே பதினோரு பேர். அவர்களில் ஒருவர் அதே அடுக்ககத்தில் நாலாவது மாடி.

மாமா, நான் அழவில்லை. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் ஆறாம் தேதி அடுத்த பொதுக்குழு. அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதற்கு அப்புறம் புத்தகத்தைப் பற்றிப் பேசலாம்.

சரளா அத்தைக்கு என் அன்பு. சாம்பாரில் புளி சரியாகத்தான் இருக்கும்.

அஞ்சலி


மேடவாக்கம்
20.3.2025

கருணையே இல்லாத மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மேடவாக்கம் சிக்னலில் எல்லா வண்டிகளும் என் துக்கத்துக்காக நின்றன. அவை தினமும் அங்கே நிற்பவைதான் என்று சரளா சொல்வதைப் பொருட்படுத்தாதே.

ஸ்டிக்கர் விஷயம் எனக்குத் தெரியாது. அந்தக் குரூப்பில் நான் குட் மார்னிங் மட்டுமே பார்க்கிறவன். அது தவறுதான். செய்தவன் யாரென்று தெரிந்தால் அவன் வீட்டுக் குழாயில் ஒரு மாதம் காற்று மட்டும் வர வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் கோபத்தில் நீ ஒன்றை மறந்துவிட்டாய், அந்த வருடத்தையே. நான் மறக்கவில்லை. ஆகவே வருங்காலத்தின் நன்மைக்காக அதன் சரித்திரத்தை எழுதுகிறேன், கேள்.

சித்திரையில் பழங்காப்பியம். போர்க்களம் வந்தபோது லாரியின் மோட்டார் பின்னணி முழங்க, யானைகள் பிளிறிப் பார்க்கிங்கில் இருந்த கார்களெல்லாம் பின்வாங்கின. பாதியில் டிரைவர் இறங்கி வந்து, "இன்னா சார், கோயில் கதையா? நல்லா கீது, அடுத்த லோடுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி" என்றான். பேரிலக்கியத்துக்குக் கிடைத்த விமரிசனங்களில் இதற்கு நிகர் ஒன்றில்லை.

ஆடியில் சங்கப் பாட்டு. பொருள் தேடிப் போன தலைவன் கார்காலம் வந்தும் திரும்பவில்லை என்று தலைவி புலம்புகிறாள். ஒரு போன் செய்யக்கூடாதா என்று நான் கேட்டேன். போன் வைத்திருக்கிறவர்கள் மட்டும் செய்துவிடுகிறார்களா மாமா என்றாய் நீ. நான் ஒன்றும் பேசவில்லை. அது என் வாழ்வில் அபூர்வமான நாள் என்பதால் குறித்து வைத்திருக்கிறேன்.

ஐப்பசியில் வங்காள நாவல். மழை. ஒரே குடைக்குள் நீ, நான், புத்தகம். மழை கொட்டும்போது தண்ணீர் லாரிக்குக் காவல் நிற்கும் இருவரைப் பார்த்து ஊரே வியந்தது. ஓரத்துப் பக்கங்கள் ஊறி அப்பளம்போல உப்பின. அவற்றைச் சரளா இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கதாநாயகியின் திருமணத்தில் இன்றும் ஒரு பழுப்பு முக்கோணம் இருக்கிறது.

மார்கழியில் பிரெஞ்சு நாடகம். நாலு பாத்திரங்களுக்கும் நீ குரல் மாற்றிப் பேசியதில், நம் குடும்பத்தில் சொத்துத் தகராறு என்று இரண்டாம் மாடி முழுவதும் பால்கனிக்கு வந்தது. வில்லன் செத்தபோது கைதட்டல். நான் எழுந்து அந்தக் கைதட்டலை உன் சார்பில் ஏற்றுக்கொண்டேன்.

இப்படிப்பட்ட வருடத்தை ஒரு ஸ்டிக்கருக்காக விட்டுவிடுவாயா?

சமரசம் ஒன்று சொல்கிறேன். பொதுக்குழுவில் எழுந்து, அன்றைக்கு ஒருவரும் அழவில்லை, வெயிலில் எல்லாருக்கும் கண் எரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். உனக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம். புத்தகம் சனிக்கிழமைக்குள் வரட்டும்.

உன் கடைசி ரசிகன்,
தாமோதரன்


குன்றத்தூர்
26.3.2025

மாமா,

உங்கள் சரித்திரம் வந்து சேர்ந்தது. அருண்ராஜ் படித்துவிட்டு நிறைய சிரித்தார். நான் ஒரே இடத்தில் சிரித்தேன், அந்த இஸ்திரி முக்கோணத்துக்கு. அது ஒன்றுதான் நடந்தபடி எழுதியிருக்கிறீர்கள்.

காப்பியத்தை நாம் முழுவதும் படிக்கவில்லை. போர்க்களத்தை நீங்கள் கேட்டதற்காக இரண்டு தரம் படித்தோம், நகர வர்ணனையை நீங்கள் கெஞ்சியதற்காக விட்டுவிட்டோம். சங்கப் பாட்டில் பாதிக்கு நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கினீர்கள். லாரி போனதும் நான்தான் எழுப்பினேன். நாடகத்தில் கைதட்டியது இரண்டாம் மாடி அல்ல, துணி எடுக்க வந்த ஒரே ஒரு பெண். அவர் தட்டியது கொசுவாகக்கூட இருக்கலாம்.

நான் வருடத்தை மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

கல்யாணமாகி மேடவாக்கம் வந்த புதிதில் எனக்கு அங்கே யாரையும் தெரியாது. அருணுக்கு ஷிஃப்ட் வேலை. நான் ஓ.எம்.ஆரில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய் வருவதற்குள் மூளை பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். சனிக்கிழமை அந்த அரைமணிதான் என் வாரத்தில் நான் சத்தமாகப் பேசிய நேரம். மற்ற நாட்களில் நான் பேசியதெல்லாம் மீட்டிங். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பாட்டுகள், சம்ப் பக்கத்தில் ஈரத் தரையில் நின்று படித்தபோதுதான் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என்று புரிந்தது. புரிந்ததும் தலையைத் தூக்கி உங்களைப் பார்ப்பேன். நீங்கள் தூங்காமல் இருந்தால், உங்களுக்கும் புரிந்திருக்கும். எனக்கு அது போதுமாயிருந்தது.

இப்போது அந்தக் கடைசி நாள். நீங்கள் சொல்லமாட்டீர்கள் போலிருக்கிறது, நானே எழுதுகிறேன்.

இரண்டாம் பாகத்தில் அந்தக் கிழவர் மகனை வண்டியேற்றி அனுப்புகிறார். மகன் திரும்பிப் பார்க்கிறான், கிழவர் அதற்குள் குதிரையின் சேணத்தைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்கிறார். அந்த இடத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். உங்கள் முகம் முழுவதும் நனைந்திருந்தது. போதும், நிறுத்து என்பதுபோலக் கையைத் தூக்கினீர்கள். அன்றைக்குப் பக்கத்து அடுக்ககத்திலும் லாரிக்காகச் சம்ப் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் என்று தெருவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், நீங்கள் கை காட்டிய பக்கம் ஹோஸைப் போட்டார்.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்துக்குள் குனிந்து, வரி தவறிவிட்டது மாமா, இருங்க தேடுறேன் என்றேன். வரி எங்கும் போகவில்லை. நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று தேடினேன். லாரி காலியாகும் வரை தேடினேன். அதனால்தான் நானும் ஹோஸைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் அருணிடம்கூடச் சொல்லவில்லை.

அப்படி நான் மூடி வைத்த ஒன்றை எடுத்து, என் பெயரை ஒட்டி, நூறு பேர் சிரிக்கக் கொடுத்துவிட்டீர்கள். கோபம் அதற்குத்தான். தண்ணீருக்கோ ஸ்டிக்கருக்கோ இல்லை.

சமரசம் வேண்டாம்.

அஞ்சலி


மேடவாக்கம்
1.4.2025

அஞ்சலிக்கு,

இன்றைய தேதியைப் பார்த்து இதை நம்பாமல் இருந்துவிடாதே.

உன் கடிதத்தை நான் சரளாவுக்குப் படித்துக் காட்டவில்லை. வழக்கமாகக் காட்டுவேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். தலைவலியாம் என்றேன். யாருக்கு என்றாள்.

நீ வரியைத் தேடினாய் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தேடுகிற ஆள் விரலை ஓட்டித் தேடுவாள். உன் விரல் ஒரே இடத்தில் இருந்தது.

பரணி கிளம்பின அன்று ஏர்போர்ட்டில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தான். நான் டிராலிச் சக்கரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது அவன் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எவனோ ஒருவன், ரஷ்யாவில், நான் பிறக்க நூறு வருடம் முன்பே எழுதி வைத்திருக்கிறான். அவனுக்கு யார் சொன்னது?

பொதுக்குழுவில் என்ன நடந்தது என்று ஷ்யாம்சுந்தர் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அழுதது நான் என்று யாராவது பார்த்திருப்பார்களோ என்ற பயம். வாய் தானாக ஆரம்பித்தது. அழுகை கதையில் இருந்தே தீரவேண்டியிருந்தது, எனக்கு அதை வேறு யார்மேலாவது வைக்கவேண்டியிருந்தது. சிரிப்பு வந்ததும் நிறுத்த முடியவில்லை. உனக்குத் தெரியுமே, சிரிப்பு வந்தால் நான் லாரி மாதிரி, பிரேக் பிடித்தாலும் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி.

மாமா


மேடவாக்கம்
7.4.2025

அஞ்சலிக்கு,

சொல்லிவிட்டேன். ஆனால் நடந்தது நீ நினைத்ததுபோல இல்லை, நான் நினைத்ததுபோலவும் இல்லை.

பார்க்கிங்கில் வழக்கமான பிளாஸ்டிக் நாற்காலிகள், வழக்கமான பிஸ்கட். லிஃப்ட் ரிப்பேர், நாய் விவகாரம் எல்லாம் முடிந்து, "வேறு ஏதாவது" என்றார் ஷ்யாம்சுந்தர். நான் எழுந்தேன். என்னைப் பார்த்ததுமே பின்வரிசை நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டது.

போன தடவை சொன்னது பொய் என்றேன். அஞ்சலி அழவில்லை, அழுதது நான், கை காட்டியதும் நான், அவள் மேல் ஒரு தவறும் இல்லை என்றேன். இவ்வளவுதான். ஒரு யானை இல்லை, ஒரு நதி இல்லை. இவ்வளவு சின்ன உரையை நான் என் கல்யாணத்தில்கூட நிகழ்த்தியதில்லை.

சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு. ஒருவரும் நாற்காலியிலிருந்து விழவில்லை என்றால் அது நாற்காலியின் பெருமை. ஷ்யாம்சுந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள், போன வாட்டி சொன்னதுகூட நம்புற மாதிரி இருந்துது. இது கொஞ்சம் ஓவர்" என்றார். நான் உண்மையாகத்தான் சொல்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் அதிகம் சிரித்தார்கள். சத்தியம் என்றேன். யாரோ கைதட்டினார்கள். அறுபத்தாறு வருடம் நான் கட்டிய கோட்டைக்குள் நானே மாட்டிக்கொண்டு, வெளியே விடச்சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது சரளா எழுந்தாள். இந்தக் கூட்டங்களில் அவள் பிஸ்கட்டுக்காகக்கூட வாய் திறந்ததில்லை.

"அவர் அழுவாருங்க" என்றாள். "பையன் ஊருக்குப் போன அன்னைக்கு ஏர்போர்ட்லேர்ந்து வீடு வரைக்கும் அழுதார். கார் டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டு அவருக்குத் தண்ணி வாங்கிட்டு வந்து குடுத்தார். தினமும் சாயங்காலம் மெல்போர்ன்ல இப்ப மணி என்னன்னு கேப்பார், ஆனா போன் பண்ணமாட்டார். அந்தப் பொண்ண விடுங்க."

உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஷ்யாம்சுந்தர் போனை எடுத்து, அந்த ஸ்டிக்கரை யார் போட்டிருந்தாலும் இப்பவே டெலிட் பண்ணுங்க என்று மைக்கிலேயே சொன்னார். தன் ஹார்ட்டையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். உன் நாலாவது மாடி ஆள் எழுந்து, மேடம்கிட்ட நான் சாரி சொல்றேன் என்றான். அப்புறம் ஷ்யாம்சுந்தரே தன் கையால் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்து, தோளைத் தட்டினார். அஞ்சலி, நான் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்த டீயைப்போல ஒன்றும் என்னைக் கூசவைத்ததில்லை.

கடைசியாக ஒரு தீர்மானம் போட்டார்கள். லாரிக்குக் காவல் நிற்கும் பொறுப்பிலிருந்து எனக்கு ஆயுள் முழுவதும் ஓய்வு. ஒருமனதாக நிறைவேறியது. நான்கூடக் கை தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து சரளாவிடம், அந்தக் காரில் நீ தூங்கிக்கொண்டுதானே இருந்தாய் என்று கேட்டேன். "தூங்கற மாதிரி இருந்தேன்" என்றாள்.

இப்படி எத்தனை பேர் என்னைச் சுற்றி வரி தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

மாமா

பி.கு.: ராத்திரி பரணிக்கு நானே போன் செய்தேன். என்னப்பா, உடம்பு சரியில்லையா என்று பதறிவிட்டான். இல்லை, சும்மாதான் என்றேன். சும்மா என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியாததால், அங்கே தக்காளி விலை என்ன என்று கொஞ்ச நேரம் பேசினோம்.


குன்றத்தூர்
10.4.2025

மாமா,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், சித்திரை ஒன்றுக்குள் கிடைக்கவேண்டும் என்பதற்காக.

சரளா அத்தை ஞாயிறு சாயங்காலமே போன் செய்துவிட்டார்கள். முழுவதும் சொல்லவில்லை. "உங்க மாமா இன்னைக்கு ஒரு தடவை பொய் சொல்லல" என்றார்கள். மீதி உங்கள் கடிதத்தில் தெரிந்தது. நாலாவது மாடிக்காரரும் திங்கள்கிழமை காலை என் சீட்டுக்கு வந்து நின்றார். அவரை நெடுநேரம் நிற்கவைக்கவில்லை. கொஞ்ச நேரம்தான்.

உங்களைக் கூட்டத்தில் நிறுத்திச் சொல்ல வைத்தது சரிதானா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சரிதான் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த டீயைப் பற்றிப் படித்தபோது, பக்கத்தில் இருந்திருந்தால் அதை நான் வாங்கிக் குடித்திருப்பேன்.

அலுவலகத்தில் ஒருத்தி, ஒரு வருடம் கிளாசிக்ஸ் படித்தாயே, என்ன கிடைத்தது என்று கேட்டாள். பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. ஆயிரம் வருடம், இரண்டாயிரம் வருடம் கழித்தும் இந்த ஆட்கள் யாரும் சரியாகவில்லை என்று தெரிந்தது, அது ஏனோ நிம்மதியாக இருக்கிறது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் உங்கள் தபாலாபீஸ் பெண் ஞாபகம் வந்தது.

இரண்டாம் பாகத்தை நான் படிக்கவில்லை. ஒருநாள் திறந்து ஒரு பத்தி மனதுக்குள் படித்துப் பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை. சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அருண் யாருடன் பேசுகிறாய் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

திங்கள்கிழமை வருடப் பிறப்பு, எல்லாருக்கும் லீவு. காலையிலேயே கிளம்பி வாருங்கள், அத்தையையும் கூட்டிக்கொண்டு. தாம்பரம் வந்தால் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் வழியாக பஸ் இருக்கிறது. மலைக்கோயிலுக்குக் கூட்டம் ஏறும் முன் வந்துவிடுங்கள். மாங்காய்ப் பச்சடி என் மாமியார் செய்கிறார். மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து மீதியைப் படித்துவிடலாம். முடியாவிட்டால் சாயங்காலமும் படிக்கலாம்.

உங்கள் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுதுங்கள். போனில் நீங்கள் யாரையும் பேச விடுவதில்லை.

அஞ்சலி


மேடவாக்கம்
16.4.2025

அன்பு மருமகளும், பால்கனியில் எழுந்தருளியிருக்கும் வாசிப்பு நாயகியுமான அஞ்சலிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் உன் மாமியார் கட்டிக் கொடுத்த வடை மூட்டையின் கனத்தால் பம்மல் அருகே வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தது. கண்டக்டர் வடைக்கும் டிக்கெட் கேட்டார். சரளா ஒரு வடையைக் கொடுத்துச் சரிக்கட்டினாள். இதில் எது பொய் என்று நீ கேட்பாய். டிக்கெட் மட்டும்தான்.

நேற்றெல்லாம் முந்தாநாள் மத்தியானத்தை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ புத்தகத்தைத் திறந்தாய். நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன், ஒரு வருடத்தின் சிகரத்தில் ஏறப்போகிறவனைப்போல. கிழவர் சேணத்திலிருந்து நிமிர்ந்தார் என்று நீ முதல் வரியைப் படித்ததும், வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த உன் மாமியார் நாகலக்ஷ்மி அம்மாள், "இரு இரு, இந்தக் கெழவர் யாரு?" என்றார். சொன்னாய். "பையன் எதுக்குப் போறான்?" சொன்னாய். "அம்மாக்காரி எங்க?" அவள் முதல் பாகத்திலேயே செத்துப்போனாள் என்று நான் சொன்னேன்.

"எப்படிச் செத்தா?" என்றார்.

நானும் நீயும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதை இரண்டு வரியில் சொல்ல முடியாது என்று இருவருக்கும் தெரியும். நமக்கு அது ஒரு முழுத் தை மாதம்.

"பாதியிலேர்ந்து எனக்கு வேணாம்மா. மொதல்லேர்ந்து படி. நான் எங்க போகப்போறேன்" என்று வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். முதல் பாகமோ மேடவாக்கத்தில் என் கட்டிலுக்கு அடியில். நீ புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் முரண்டு பிடிப்பேன் என்று நினைத்திருப்பாய். இந்தக் கடைசிப் பக்கங்களுக்காக நான் ஒரு மாதம் மண்ணும் விண்ணும் அதிரக் கடிதம் எழுதியவன்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அஞ்சலி. அந்தப் பையன் திரும்பி வந்தானா இல்லையா என்பது எனக்குக் கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கட்டும். பரணி ஆடி மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். நிச்சயம் இல்லை, லீவு கேட்டிருக்கிறானாம். எதற்கும் வெற்றிலைக்காரம்மா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வை.

எனக்குத்தான் சங்கம் ஆயுள் முழுவதும் சனிக்கிழமை ஓய்வு கொடுத்திருக்கிறதே. இந்தச் சனிக்கிழமை முதல் பாகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். உன் மாமியாரிடம் இப்போதே சொல்லி வை, முதல் அத்தியாயத்தில் ஒன்றும் நடக்காது. வெளியே பனி பெய்யும். உள்ளே எல்லாரும் உயிரோடு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அது. மெதுவாகப் படி.

மாமா